சாம்பலில் வேரூன்றிய கொடி

இன்று யான் குடியை மெச்ச வந்தேனல்லேன். ஒரு கொடியின் கதையைச் சொல்ல வந்தேன். கொடி என்றதும் நம் கண்முன் நிற்பது பந்தல். ஆனால், கிரேக்க நாட்டைச் சேர்ந்த சாந்தோரினி என்னும் ஈஜியன் கடற்றீவிலே திராட்சைக்குப் பந்தலும் இல்லை, கொழுகொம்பும் இல்லை. கொடி கூடைபோலச் சுருண்டு தரையோடு தரையாகக் கிடக்கின்றது. அக்கூடையினுள்ளே காய்க்கும் வெண்திராட்சையின் பெயர் அசிர்ட்டிக்கோ.

ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன்னர் இத்தீவின் எரிமலை வெடித்தது. நடுநிலம் கடலுள் ஆழ, எஞ்சியது பிறைபோல நின்றது; அதனைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. 1967ஆம் ஆண்டிலே தொல்பொருளறிஞர் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் அக்ரோத்திரி என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, அச்சாம்பலின் கீழே ஒரு நகரமே வெளிப்பட்டது. அந்நகரத்தாரும் திராட்சையை அறிந்திருந்தனர். எனினும், அவர்கள் வளர்த்ததும் அசிர்ட்டிக்கோவே எனச் சாதிப்பது சற்று மிகையாகும்.

அழிக்க வந்த அச்சாம்பலே பின்னர் இக்கொடிக்குக் காவலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பில்லொக்சரா என்னும் நுண்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களின் வேரை உண்டு அவற்றைப் பாழாக்கியது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேரிலே தம் கொடிகளை ஒட்டவைத்தே ஏனையோர் தப்பினர். சாந்தோரினியிலோ, களிமண் கலவாத அந்த மண்ணில் அது வாழ இயலவில்லை. ஆகவே அங்குள்ள கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. கூடை முதிர்ந்து விளைச்சல் குன்றினால், உழவர் அதனை அடியோடு வெட்டிவிடுவர். பழைய வேரிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். சில வேர்களுக்கு வயது பல நூற்றாண்டு என்பது ஊரார் கூற்று. வளையம் எண்ணிப் பார்க்கக்கூடிய பெருமரமன்று அது. எனவே அவர்கள் சொல்லாகவே அதனைக் கொள்வோம்.

கூடை முடைவதற்கும் காரணம் உண்டு. கோடையில் மெல்த்தெமி என்னும் வடகாற்று தீவெங்கும் சீறி வீசும், வெயிலோ கடுமையானது. கூடையின் சுவர் காற்றைத் தடுக்க, இலைகள் நிழல் செய்ய, குலைகள் உள்ளே ஒதுங்கிக்கொள்கின்றன. கோடையிலே மழை பெய்வது அரிது. இரவிலே கடலிலிருந்து எழும் பனிமூட்டத்தின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்திருந்து வேருக்கு ஊட்டுகின்றது.

வெப்ப நாடுகளிற் பொதுவாகத் திராட்சை பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழக்கும். அசிர்ட்டிக்கோ நன்கு கனிந்த பின்னும் அதனை விடுவதில்லை. பொட்டாசியம் குறைந்த மண்ணும் அதற்குத் துணை செய்கின்றது. இக்கனியில் வடிக்கும் வெண்மது நாவிற் சுருக்கென்று தைத்து, முடிவில் உப்புக்காற்றின் நினைவைத் தருவது என்பர். இது பெரும்பாலும் 1980களின் இறுதிக்குப் பின், குளிரூட்டிய எஃகுக் கலன்களிலே வடித்துப் பெயர்பெற்ற வகை. அதற்கு முற்பட்ட காலத்தில் தீவின் புகழெல்லாம், கனியை வெயிலிற் காயவைத்துச் செய்யும் வின்சாந்தோ என்னும் இன்மதுவினால் வந்தது. ரஷ்யத் திருச்சபையினர் தம் வழிபாட்டிற்கென அதனை வாங்கினர்.

பூச்சியை வென்ற கொடிக்கு இன்று வேறு பகை வாய்த்துள்ளது. 1956ஆம் ஆண்டு ஜூலை மாதத்து நிலநடுக்கத்தின் பின் பலர் தீவை விட்டகன்றனர். பின்னர் உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். தோட்டங்கள் இருந்த நிலத்திலே விடுதிகள் எழுந்தன. 1971இல் சாந்தோரினி என்னும் பெயர் மதுவிற்குச் சட்டத்தாற் காக்கப்பட்டது. நிலத்திற்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் வறட்சியால் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சிலர் புதுக்கொடிகளை நீர் பாய்ச்சற்கு ஏதுவாக நேர் வரிசையில் நடுகின்றனர். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலும் அசிர்ட்டிக்கோ இப்போது வளர்கின்றது. ஆனால், குளிர்காலத்திலே குனிந்திருந்து வளார்களை வளைத்துக் கூடை முடைவது இன்றுங் கைவேலையே. அதனை அறிந்தவர்களோ நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.