ஞாயிறு எங்கே போகலாம்? சந்தாபுரா தமிழருக்கு ஒரு வழிகாட்டி

ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்துக்கொண்டு, சந்தாபுராவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழர்களில் பலருக்கு அந்த ஒரு நாள் எப்படிக் கழிகிறது? காலையில் துணி துவைப்பது, பகலில் தூக்கம், மாலையில் கடைத்தெரு. மாதம் ஒரு முறை ஓசூர் வழியாக ஊருக்குப் பஸ். பத்து ஆண்டு பெங்களூரில் இருந்தும் லால்பாக் பார்க்காதவர்கள் இங்கே உண்டு. இதற்குச் சோம்பல் காரணமல்ல. ஓசூர் ரோடு நெரிசலில் போகவும் வரவுமே பாதி நாள் போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் இனி வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டு மாதம் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதை திறக்கப்பட்டது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோ மீட்டர், 16 ஸ்டேஷன்கள். சந்தாபுரா சர்க்கிளில் பஸ் ஏறினால் பொம்மசந்திரா பக்கந்தான். ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் லால்பாக், நேஷனல் காலேஜ், மார்க்கெட், மெஜஸ்டிக் என்று வரிசையாக வந்துவிடும். ஞாயிறன்று முதல் வண்டி மற்ற நாட்களைவிடத் தாமதமாகப் புறப்படும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

லால்பாக்கும் ரவை இட்லியும்

முதல் ஞாயிறை லால்பாக்குக்கு ஒதுக்கலாம். 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. பரப்பு 240 ஏக்கர். இங்குள்ள கண்ணாடி மாளிகை 1889-இல் கட்டப்பட்டது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி இதில் மலர்க் கண்காட்சி நடக்கும். தோட்டத்துக்குள் இருக்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு என்று புவியியல் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் உச்சியில் கெம்பே கௌடர் கோபுரம் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் நகரம் விரிந்து தெரியும்.

பசித்தால் லால்பாக் ரோட்டிலேயே எம்.டி.ஆர். இருக்கிறது. 1924-இல் தொடங்கிய ஓட்டல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி செய்து பார்த்தது தாங்கள்தான் என்பது இவர்கள் சொல்லும் வரலாறு. கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும்.

நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால் விசுவேசுவரபுரம் தின்பண்டத் தெரு. மாலை நேரத்தில்தான் அங்கே களை கட்டும். மார்கழிக் குளிரில் இந்தப் பகுதியில் அவரைக்கொட்டை மேளா நடக்கும். தோல் பிதுக்கிய அவரைக்கொட்டையைக் கன்னடத்தில் 'இதுக்கித பேளே' என்கிறார்கள். தருமபுரிக்காரர்களும் கிருஷ்ணகிரிக்காரர்களும் ஊரில் சாப்பிடும் பிதுக்கம் பருப்புதான் அது! அதேபோல், இங்கே ராகி முத்தே என்று வைப்பது ஊரில் கிளறும் கேழ்வரகுக் களிதான். பெயர் தெரியாமல், வேற்றூர்ச் சாப்பாடு என்று ஒதுக்குவது வீண்.

நாடகமும் படமும்

ஜே.பி. நகரில் ரங்க சங்கரா நாடக அரங்கு இருக்கிறது. நடிகர் சங்கர் நாகின் நினைவாக, அவர் மனைவி அருந்ததி நாகின் முயற்சியில் 2004-இல் திறக்கப்பட்டது. ராகிகுட்டா ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போகலாம். திங்கட்கிழமை விடுமுறை. நேரம் விஷயத்தில் கண்டிப்பு அதிகம். நாடகம் தொடங்கிவிட்டால் டிக்கெட் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். கன்னட நாடகம் புரியுமா என்று தயங்க வேண்டாம். மெஷின் பக்கத்தில் நின்று சக தொழிலாளியிடம் பேசும் கன்னடமே பாதி நாடகத்துக்குப் போதும். மீதியை நடிப்பு சொல்லிவிடும்.

படம் வரைவதில் ஆசை உள்ளவர்கள் ஜனவரி மாதத்துச் சித்திரச் சந்தையைத் தவறவிடக் கூடாது. கர்நாடக சித்ரகலா பரிஷத் குமார கிருபா ரோட்டில் நடத்தும் சந்தை இது. அன்று ஒரு நாள் அந்தத் தெருவில் வண்டி ஓடாது. ஓவியர்கள் நடைபாதையிலேயே படங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டு ஓவியர்களும் வருவதுண்டு. பார்க்கக் காசு இல்லை.

பாட்டும் திருவிழாவும்

கர்நாடக இசை கேட்க மார்கழியில் சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கு இங்கே ராமநவமி இருக்கிறது. ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-இல் தொடங்கியது. சாம்ராஜ்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, பல வாரம் தொடர்ந்து கச்சேரி நடக்கும். சென்னை வித்வான்கள் பலர் வந்து பாடுவார்கள். மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து கிட்டத்தில்தான்.

அதே பருவத்தில் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் பெங்களூர் கரகம் புறப்படும். திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலில், திகளர் சமூகத்தார் திரௌபதிக்கு எடுக்கும் விழா இது. பெண் வேடமிட்ட பூசாரி, மல்லிகை சூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி இரவெல்லாம் தெருத்தெருவாகச் செல்வார். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று போகும். ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டுக்காரருக்கு இது வேற்று விழாவாகத் தோன்றாது.

சந்தாபுராவுக்கு அருகில் ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரையும் பெயர் பெற்றது. சுற்றுக் கிராமங்கள் நூறு அடிக்கு மேல் உயரமான தேர்களைக் கட்டி இழுத்து வரும். 2025 மார்ச்சில் தேர் சாய்ந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஆகவே தேரைத் தள்ளி நின்றே கும்பிட வேண்டும். குழந்தைகளைத் தேர் அருகே விடவே கூடாது.

மலை ஏற ஆசையா?

கையில் காசு குறைவாக உள்ள ஞாயிறுக்கு ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை போதும். சாமி கும்பிட்டு, காற்று வாங்கி, மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஆனேக்கல்லைத் தாண்டி 5 கிலோ மீட்டரில் முத்யால மடுவு இருக்கிறது. நீர் முத்துப் போல் சிதறுவதால் அந்தப் பெயர். மழை பெய்த பிறகு போனால்தான் அருவி உண்டு. கோடையில் வெறும் பாறைதான். அது பன்னேருகட்டாக் காட்டை ஒட்டிய இடம். யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். இன்னும் நடக்கத் தெம்புள்ளவர்கள் ஓசூரிலிருந்து பஸ் பிடித்து ராயக்கோட்டை போகலாம். திப்பு காலத்து மைசூர்ப் போரில், 1791-இல் ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை அது. தண்ணீர் கொண்டுபோவது அவசியம்.

வள்ளுவர் இருக்கும் இடம்

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் நிற்கிறார். 1991-இல் அமைத்த சிலை. மொழிச் சச்சரவால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஏரிப் பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் உள்ளன. மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கு மாறி அல்சூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.

பெங்களூரின் தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் தமிழரின் உழைப்பு இருக்கிறது. உழைக்க மட்டும் இந்த நகரம், பார்த்து அனுபவிக்க வேறு யாரோ என்று இருந்துவிடக் கூடாது. மாதம் நான்கு ஞாயிறில் ஒன்று ஊருக்கு, ஒன்று ஓய்வுக்கு என்று போனாலும் இரண்டு மிஞ்சும். அறையில் உள்ள நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, வருகிற ஞாயிறு லால்பாக்கிலிருந்தே தொடங்கலாம்.