ஆழமும் வெப்பநிலையும்: சமுத்திரத் தரவுகளை வரைபாக்கல் பற்றிச் சில குறிப்புகள்

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் ஒரு பாடத்தைத் தரும்போது அது எந்த ஏட்டில், எவ்விடத்தில் உள்ளது என்பதையும் சேர்த்தே குறிப்பர். இடம் தவறின் பாடமும் தவறும். இயற்கை விஞ்ஞானத் தரவுகளுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதைச் சமுத்திரவியலில் நிகழ்ந்த ஒரு தவறு தெளிவுறக் காட்டுகின்றது. அதனை விளங்கிக்கொள்வதற்கு, கடலின் வெப்பநிலையும் அமுக்கமும் எவ்வாறு அளக்கப்பட்டு வரைபாக்கப்படுகின்றன என்பதை முதலில் நோக்குவோம்.

இன்று உலகச் சமுத்திரங்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இயங்குகின்றன. பொதுவாக 1,000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தோடு செல்லும் மிதவை, பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீற்றர்வரை இறங்கி, மேலெழும்போது வெப்பநிலை, உவர்த்தன்மை, அமுக்கம் ஆகியவற்றை அளந்து, செய்மதி வாயிலாக அனுப்புகின்றது. அது ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை; அமுக்கத்திலிருந்தே ஆழம் கணிக்கப்படுகின்றது. கடலில் ஒரு டெசிபார் அமுக்கம் ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழத்தைக் குறிக்கும்.

இத்தரவுகளை வரைவதற்குப் பலரும் பயன்படுத்துவது ‘ஆர்’ எனும் புள்ளிவிபரவியல் மென்பொருளாகும். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபேட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் தொடங்கிய இம்மென்பொருள், 1995 முதல் எவரும் கட்டணமின்றிப் பெற்றுத் திருத்தியமைக்கக்கூடியதாக வழங்கப்படுகின்றது. வரைபில் வெப்பநிலை கிடை அச்சிலும் அமுக்கம் நிலைக்குத்து அச்சிலும் இடப்படும். வழமையான வரைபில் எண்கள் மேல்நோக்கி வளரும். கடலிலோ அமுக்கம் கீழ்நோக்கி வளர்கின்றது. ஆகவே அச்சின் எல்லைகளைக் கொடுக்கும்போது 2,000 என்பதை முதலிலும் 0 என்பதைப் பின்னரும் கொடுத்து அச்சினைத் தலைகீழாக்க வேண்டும். அப்போது கடற்பரப்பு வரைபின் மேலேயும் ஆழ்கடல் கீழேயும் அமையும்.

வரைவதற்கு முன்னர் செய்யவேண்டிய பணி இதனினும் முக்கியமானது. ஆர்கோக் கோப்புகளில் ஒவ்வோர் அளவீட்டுடனும் தரக் குறியீடு ஒன்று உண்டு. 1 நல்லதையும் 4 கெட்டதையும் சுட்டும். மூல அமுக்கமும் திருத்திய அமுக்கமும் தனித்தனியே தரப்படும். இவற்றைப் பாராது வரையப்படும் கோடு எவ்வளவு அழகாயினும் நம்பத்தக்கதன்று. நீரின் வெப்பநிலை மீற்றருக்கு 0.1 பாகை வீதம் குறையும் ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அங்கு அமுக்கம் 5 டெசிபார் குறைவாகப் பதிவாகுமாயின், ஆழத்துக்குரிய குளிர்நீர் மேலேயுள்ள நீராகத் தோன்றும். வெப்பநிலையில் அரைப் பாகை வழு நேரும். வெப்பநிலை உணரி பழுதின்றி இயங்கினாலும் முடிவு பொய்யாகும்.

இது வெறும் கற்பனையன்று. 2003க்கும் 2005க்குமிடையில் மேற்கடல் குளிர்ந்துவிட்டது என 2006இல் ஓர் ஆய்வுக்கட்டுரை அறிவித்தது. செய்மதிகள் அளந்த கடல்மட்டமோ தொடர்ந்து உயர்ந்துகொண்டிருந்தது. குளிரும் நீர் சுருங்க வேண்டுமாதலால், இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2007இல் அவ்வாய்வாளர்களே திருத்தம் வெளியிட்டனர். பெரும்பாலும் அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்த ஒரு சிறுதொகை மிதவைகளில், வெப்பநிலைகள் உரியவையல்லாத அமுக்கப் பெறுமானங்களுடன் இணைக்கப்பட்டிருந்தன. கப்பல்களிலிருந்து எறியப்படும் பழைய வகைக் கருவிகள் கடலை உண்மையிலும் வெப்பமாகக் காட்டியமையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. குளிர்ச்சி கடலில் நிகழவில்லை, அளவீட்டில் நிகழ்ந்தது.

பூகோளம் வெப்பமடைகின்றதா என்ற வினாவின் பின்னால் எரிபொருள் மூலதனத்தின் நலன்கள் உள்ளன. இத்தகைய வழு அந்நலன்களின் கையில் வாதமாக மாறுவது இயல்பே. இதற்காக விஞ்ஞானத்தை ஐயுறுதல் பொருந்தாது. சுயாதீனமான அளவீடுகள் ஒன்றையொன்று மறுத்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது. அதற்குத் தரவுகள் யாவர்க்கும் திறந்திருந்தமை துணைநின்றது. ஆயினும், மிதவைகளில் ஏறத்தாழப் பாதியை ஐக்கிய அமெரிக்காவே கடலில் இடுகின்ற சூழலில், தரவைப் பெறும் உரிமை மட்டும் நமக்குப் போதாது. அதனைச் சோதிக்கும் ஆற்றலையும் நமது மாணவர் பெறல் வேண்டும். தலைகீழாக்கிய ஓர் அச்சும் தரக் குறியீட்டைப் பார்க்கும் பழக்கமும் அவ்வாற்றலின் தொடக்கங்களாகும்.