வெள்ளம் வடிந்த பத்தாம் நாள்

ஆற்றுத் தண்ணீர் வீட்டைவிட்டு இறங்கிவிட்டது. சேற்றை வழித்துக் கொட்டியாயிற்று. நனைந்த பாய், தலையணை எல்லாம் மொட்டைமாடி வெயிலில். 'அப்பாடா, தப்பித்தோம்' என்று உட்காருகிறீர்கள் அல்லவா? எங்களுக்கு வேலை அப்போதுதான் ஆரம்பம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி ஜனங்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள் புகுந்தது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையே சுற்றிக்கொண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஊர்களைத் தீவாக்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பேருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கிப்போட்டார்கள். இதெல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்து பத்து நாள் இருக்கும். ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவர் வயல்வேலை செய்பவர். வெள்ளத்தில் மாடுகளை அவிழ்த்துவிட இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறார்.

"டாக்டரையா, நாலு நாளா நீங்க சொன்ன நிலவேம்புக் கசாயந்தான் குடுக்கேன். காய்ச்சல் விடமாட்டேங்கு. கெண்டைக்காலைத் தொட்டாலே துடிச்சுப்போறாவ."

'நீங்க சொன்ன' என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. முகாமில் நான் கொடுத்த நோட்டீஸில் 'காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர்' என்றுதான் இருந்தது. அவர் கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. "ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா?" என்று கேட்டேன். "முந்தாநேத்திலிருந்து குறைச்சல்தான்" என்றார். மாத்திரையும் கொடுக்கவில்லை, கசாயமும் கொடுக்கவில்லை. ஆட்டோ வரவழைத்து, சீட்டெழுதி, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலிக்காய்ச்சல். சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

எலி, நாய், மாடு இவற்றின் மூத்திரத்தில் இந்தக் கிருமி இருக்கும். வெள்ளம் அதையெல்லாம் ஒரே தண்ணீராக்கி நம் காலடியில் கொண்டுவந்து விடுகிறது. காலில் ஒரு கீறல், ஒரு வெடிப்பு போதும், உள்ளே போய்விடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும் காய்ச்சலாகத் தலைகாட்டும். ஆகவே 'வெள்ளம் போய் பத்து நாளாச்சே' என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்து கிடைத்தால் குணமாகிற நோய்தான் இது. 2018-இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, தண்ணீரில் இறங்கியவர்களுக்கு முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். ஆனால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

ஒரு சித்த மருத்துவன் இப்படி எழுதலாமா என்று சிலர் கோபிக்கலாம். பாளையங்கோட்டையில் படித்தவன் நான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்ற ஒன்பதும் எனக்கு மனப்பாடம். 2012-இல் நம் பக்கம் டெங்கு வந்தபோது நானே காய்ச்சிக் கொடுத்தேன். 2020 கொரோனாவில் கபசுரக் குடிநீரும் கொடுத்தேன். இனியும் கொடுப்பேன். ஆனால் எலிக்காய்ச்சல் கிருமியை அது கொல்லும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்தது வயிற்றுப்போக்கு. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. ஊசிவழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மகாலானபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தது யார்? பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு உலகமெங்கும் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். அதுதான். பாக்கெட் இல்லையா? காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம்! உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். வாய் வறண்டு, கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கிணற்றில் வெள்ளம் புகுந்திருந்தால் முதலில் தண்ணீரை இறைத்துவிடுங்கள். புதிதாக ஊறிய தண்ணீரில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள். குடிக்க மட்டும் கொதிக்கவைத்துத்தான்.

சேற்றுப்புண்ணுக்கு நம் வைத்தியமே போதும். சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, மருதாணி இலையை அரைத்துப் பூசுங்கள். சர்க்கரை நோயாளிகள் மட்டும் கைவைத்தியத்தோடு நிற்கக்கூடாது.

'1992-லும்தான் வெள்ளம் வந்தது, என்ன புதுசு?' என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்கிறது விஞ்ஞானம். அப்படித் தாங்கியதைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. நம் ஆற்றோரத்தில் இனி மழைக்காலம் வருமுன்பே ரப்பர் செருப்பு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிளீச்சிங் பவுடர் வாங்கி வைக்கவேண்டியதுதான்.

அந்த நோட்டீஸை நான் மறுபடி அச்சடித்தேன். நிலவேம்பு அதே இடத்தில் இருக்கிறது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: 'வெள்ளத் தண்ணீரில் இறங்கினீர்களா? காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.'