சிங்கப்பூர் போகும் முன் கார்டைக் கவனியுங்கள்!

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம் பல வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் பெற்றோர் திருச்சியில் விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வங்கி கார்டு இருக்கிறதே, முஸ்தபா கடையில் தேய்த்துக் கொள்ளலாம் என்று புறப்படுகிறார்கள். ஊருக்கு வந்து ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் பில்லில் இருந்ததை விட அதிகமாகப் பணம் போயிருக்கும். ஏன்?

நம் ஊர் கார்டில் வெளிநாட்டுப் பணத்தைச் செலவு செய்தால் வங்கி ஒரு கட்டணம் சேர்க்கிறது. இதன் பெயர் மார்க்அப். பல கிரெடிட் கார்டுகளில் இது 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. 80,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மார்க்அப் 2,800, வரி 504, ஆக 3,304 ரூபாய். 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். அதாவது 40 கிலோ மூட்டையில் மூன்றுக்கு மேல் சும்மா போகிறது!

உங்கள் கார்டுக்கு எவ்வளவு என்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்த்து விடலாம். பிரவுசரில் வங்கியின் இணைய தளத்தைத் திறங்கள். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் .பேங்க்.இன் என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறியிருந்தது. எனவே முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள். அங்கே ஷெட்யூல் ஆஃப் சார்ஜஸ் என்ற பிடிஎஃப் ஃபைல் இருக்கும். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எஃப் கீயைத் தட்டுங்கள். தோன்றும் கட்டத்தில் மார்க்அப் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் அந்த வரிக்கே போய்விடும். கிடைக்கவில்லை என்றால் கரன்சி என்று தேடுங்கள்.

வைப்புத்தொகையை ஈடாகப் பெற்றுக் கொண்டு, மார்க்அப் இல்லாத கிரெடிட் கார்டு தரும் வங்கியும் உண்டு. சம்பளச் சீட்டு காட்ட முடியாத விவசாயிகளுக்கு இது வசதி. ஆண்டுக் கட்டணத்தையும் அதே ஃபைலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா? 2020 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். நெட் பேங்கிங்கில் நுழைந்து, கார்டு பகுதியில் இன்டர்நேஷனல் என்பதை ஆன் செய்து, செலவு உச்சவரம்பையும் குறித்து விடுங்கள். ஓடிபி வர வேண்டும் அல்லவா? செல்போனில் ரோமிங் வசதியையும் புறப்படும் முன்பே இயக்குங்கள்.

இனி முக்கியமான இடம். சிங்கப்பூர் கடையில் கார்டைச் செருகியதும் சில மெஷின்கள், "ரூபாயில் செலுத்துகிறீர்களா, டாலரிலா?" என்று கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் புரிகிறதே என்று அதைத் தொடத்தான் கை போகும். தொடாதீர்கள்! டாலரைத் தேர்ந்தெடுத்தால் விசா அல்லது மாஸ்டர்கார்டு விகிதத்தில் கணக்காகும். ரூபாயைத் தொட்டால் மெஷினை நடத்தும் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்த விகிதத்தைப் போடும். அதற்கு மேலும் தனிக் கட்டணம் பிடிக்கும் இந்திய வங்கிகள் உண்டு. கடைக்காரர் நம்மைக் கேட்காமல் அமுக்குவதும் நடக்கும். ரசீதில் ரூபாய் இருந்தால் ரத்து செய்து மீண்டும் போடச் சொல்லுங்கள். விசா, மாஸ்டர்கார்டு தளங்களில் கரன்சி கால்குலேட்டர் இருக்கிறது. தேதியையும் தொகையையும் கொடுத்து நீங்களே சரிபார்க்கலாம்.

கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் மட்டும் எடுக்காதீர்கள். அன்றிலிருந்தே வட்டி ஓடும். கைச்செலவுக்கு டாலரை முன்பே ஏற்றிக் கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. ஆனால் சிங்கப்பூர் டாலர் ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் அங்கும் ஒரு கட்டணம் உண்டு. மகனே தன் உள்ளூர் கார்டில் செலவு செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை. டெல்டா அப்பாக்கள் அதற்குச் சம்மதிக்க வேண்டுமே!

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போகிறவர்களுக்கு இன்னொரு வழி. இலங்கையில் 2024 பிப்ரவரி 12 அன்று யுபிஐ தொடங்கப்பட்டது. லங்கா க்யூஆர் உள்ள கடைகளில் செல்போனாலேயே பணம் செலுத்தலாம். ஆப்பில் யுபிஐ இன்டர்நேஷனல் என்பதை ஆன் செய்ய வேண்டும். மாற்று விகிதமும் வங்கிக் கட்டணமும் இதிலும் இருக்கலாம். பின் நம்பர் போடும் முன் திரையில் தெரியும் ரூபாய்த் தொகையைப் படியுங்கள்.

ஊர் திரும்பியதும் நெட் பேங்கிங்கில் அந்த இன்டர்நேஷனல் சுவிட்சை மீண்டும் அணைத்து விடுங்கள்.