உங்களுக்குத் தெரியுமா? போரில் வெல்லாமலே கடல்வழியை முடக்கலாம்

செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டப் நீரிணையின் குறுகலான பகுதி ஏறத்தாழ 30 கி.மீ. அகலம்தான். 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, செங்கடலில் சென்ற ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைக் கைப்பற்றினார்கள். தொடர்ந்து ட்ரோன்களும் ஏவுகணைகளும் பாய்ந்ததால், பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. 2023-ல் 1,000 கோடி டாலரைத் தாண்டிய சூயஸ் கால்வாய் வருமானம், 2024-ல் சுமார் 400 கோடியாகச் சரிந்தது. பெரிய கடற்படை எதுவும் இல்லாத ஓர் அமைப்பு இதைச் சாதித்தது.

அமெரிக்க, பிரிட்டன் போர்க்கப்பல்கள் பெரும்பாலான ட்ரோன்களை வீழ்த்தினவே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் தப்பி வரும் ஒன்றே போதும். 2024 பிப்ரவரியில் தாக்கப்பட்ட ‘ரூபிமார்’ கப்பல் சுமார் 21,000 டன் உரத்துடன் மார்ச்சில் மூழ்கியது. அதே மாதம் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பல் மீதான தாக்குதலில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். எத்தனை ட்ரோன்கள் வீழ்ந்தன என்பதைவிட, காப்பீட்டுக் கட்டணமும் மாலுமிகளின் உயிருமே கப்பலின் பாதையைத் தீர்மானிக்கின்றன. காசா போரை எதிர்த்தே தாக்குவதாக ஹூதிகள் சொல்லிவந்தார்கள்; 2025 ஜனவரியில் அங்கே போர்நிறுத்தம் வந்தபோது கப்பல்கள் மீதான தாக்குதல்கள் சில மாதங்கள் ஓய்ந்தன. போர்க்கப்பல்கள் தேவைதான், ஆனால் அரசியல் தீர்வு இல்லாமல் அவற்றால் மட்டும் கடல்வழியைக் காக்க முடியாது.