அந்த மரம் எத்தனை கிலோ தம்பி?

போன மாதம் எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டின் முதல் ரிவ்யூ. இருபது மாடிக் குடியிருப்பு, ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு மரம். சாஃப்ட்வேரில் மரம் வைப்பது ரொம்ப ஈஸி, லைப்ரரியிலிருந்து இழுத்து விட்டால் போதும். ரெண்டர் செம்மையாக வந்திருந்தது. ரிவ்யூவுக்கு வந்த சார் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அந்த மரம் எத்தனை கிலோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம்.

அதற்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. சிவில் படிக்காத நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம், கணக்கு கொஞ்சம்தான்.

நம்ம ஐஎஸ் 875 கோடின் இரண்டாம் பகுதி, வீட்டு பால்கனிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் லைவ் லோடு எடுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய 300 கிலோ. நாலு பேர் நெருக்கமாக நின்று டீ குடிக்கிற எடை. ஒரு மரம் வளர ஒரு மீட்டர் ஆழமாவது மண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஊறிய மண் ஒரு கன மீட்டர் சுமார் 1,800 கிலோ. அதாவது கோட் சொல்வதைப் போல ஆறு மடங்கு. தொட்டியையும் மரத்தையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதைவிட மோசம், அந்தத் தொட்டி இருக்கும் இடம். பால்கனி என்பது ஒரு கான்டிலீவர். ஒரு பக்கம்தான் பிடிமானம். வெயிலும் மழையும் கிடைக்க வேண்டுமென்றால் மரத்தை வெளி ஓரத்தில்தான் வைக்கணும். கடப்பாரையின் நுனியில் எடையைத் தொங்கவிடுகிற கதை. 3 மீட்டர் நீட்டிய பால்கனியில் சாதாரண லைவ் லோடு தரும் மொமென்ட், மீட்டர் அகலத்துக்கு 13.5 கிலோநியூட்டன் மீட்டர். ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத் தொட்டி வைத்தால் மண் மட்டுமே 45 தருகிறது. எங்கள் ரெண்டரில் ஸ்லாப் 125 மில்லிமீட்டர் தடிமன். சார் ஏன் சிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்படியென்றால் இத்தாலியில் மிலன் நகரத்தில் மட்டும் எப்படி நிற்கிறது? போஸ்கோ வெர்ட்டிகாலே, அதாவது செங்குத்துக் காடு. இன்ஸ்டாவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்டெஃபானோ போயரியின் குழு வடிவமைத்து 2014ல் முடிந்த இரண்டு டவர்கள். சுமார் 800 மரங்கள், ஆயிரக்கணக்கில் புதர்களும் செடிகளும். அங்கே மரம் கடைசியில் ஒட்டிய அலங்காரம் இல்லை. ஸ்லாப் 28 சென்டிமீட்டர் தடிமன், போஸ்ட் டென்ஷனிங் செய்தது. மண்ணும் தோட்டத்து மண் இல்லை, எடை குறைந்த கலவை. கட்டடம் எழும்பும்போதே மரங்களை நர்சரியில் தனியாக வளர்த்துப் பழக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது காற்று. நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கிளை விழுந்தாலே கீழே போகிறவர் கதி? மிலன் பொலிடெக்னிக்கில் மாடல் வைத்து விண்ட் டனல் சோதனை செய்தார்கள். அதோடு விடாமல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டியில் நிஜ மரங்களையே ராட்சத ஃபேன்கள் முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். வேர்ப்பந்தைத் தொட்டியோடு கட்டி, தண்டு ஒடிந்தாலும் தெருவில் விழாதபடி பெரிய மரங்களுக்கு ஸ்டீல் கேபிள் போட்டு, காற்று மோசமாக அடிக்கும் இடங்களில் வேரைச் சுற்றி ஸ்டீல் கூண்டே வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு நம்ம கோட் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மரம் சல்லடை மாதிரி என்பதால் முழு அழுத்தத்தையும் வாங்காது, உண்மைதான். ஆனால் 2016ல் வர்தா புயலில் தரையில் வேர்விட்டு நின்ற மரங்களே சாய்ந்ததைப் பார்த்த ஊர் இது.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு என்று கேட்கலாம். கர்ட்டன் வெயிலைத் தடுப்பதற்குள் வெயில் கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தாச்சு. இலை அதை வெளியிலேயே நிறுத்துகிறது. கூடவே இலை விடும் நீராவி பக்கத்துக் காற்றின் சூட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. இது நிஜமான லாபம். ஆனால் அந்த மரத்தைத் தாங்க ஊற்றிய கூடுதல் சிமென்ட்டின் கார்பனைக் கணக்கில் சேர்க்காமல் ப்ரோஷரில் "கிரீன்" என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, கட்டி முடிச்சாச்சு. யார் பார்த்துக்கொள்வது? எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் மேல் வீட்டுத் துளசித் தொட்டியிலிருந்து கீழ் வீட்டு சீலிங்குக்கு வந்த கசிவு பற்றி ஒரு வருஷமாகச் சண்டை ஓடுகிறது. ஒரே ஒரு துளசி! மிலனில் இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். பால்கனி உங்களுடையது, மரம் எல்லாருக்கும் பொது. நினைத்தபடி வெட்டவும் முடியாது, காயவிடவும் முடியாது. தண்ணீர் பைப்பில் தானாக வருகிறது. மரமேறத் தெரிந்த தோட்டக்காரர்கள் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கி வெளிப்பக்கக் கிளைகளைக் கழிக்கிறார்கள். அதற்கான செலவு மெயின்டெனன்ஸ் கணக்கில் வருகிறது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் செங்டு இருக்கிறது. 2018ல் அங்கே எட்டு டவர், 826 வீடு, பால்கனி முழுக்கச் செடி. 2020ல் வந்த செய்திகளின்படி வீடுகள் அத்தனையும் விற்றுவிட்டன, குடிவந்தது பத்துக் குடும்பம் அளவுக்குத்தான். வெட்ட ஆளில்லாமல் செடிகள் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கின. கொசுத் தொல்லை வேறு.

நாங்கள் டிசைனை மாற்றினோம். பெரிய மரங்கள் எல்லாம் கீழே பார்க்கிங்குக்கு வெளியே, நிஜத் தரைக்கு இறங்கிவிட்டன. பால்கனி ஓரத்தில் 300க்கு 300 மில்லிமீட்டர் தொட்டி, கம்பி வலை, அதில் ஏறும் கொடி. சங்குப்பூவும் முல்லையும். ஈர மண்ணோடு மீட்டருக்கு ஏறக்குறைய 160 கிலோ வருகிறது. தென்னை நார்க் கழிவு கலந்தால் இன்னும் குறையும். ஸ்லாப் 150க்குப் போனது, கம்பியும் கூடியது. ரெண்டரில் பழைய கெத்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ரெண்டாவது ரிவ்யூ வியாழக்கிழமை. இந்த முறை கிலோ எவ்வளவு என்று கேட்டால் சொல்லிவிடுவோம். பதினெட்டாவது மாடிக் கொடிக்குத் தண்ணீர் போகும் பைப்லைன்தான் இன்னும் வரையவில்லை.