வட ராக்கி மலையில் தனி மிதிவண்டிப் பயணம்

மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட தடித்த சக்கர மிதிவண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று, அங்கங்கே மலையேறி இறங்கி, மீண்டும் காரில் புறப்படும் பயணம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. இப்படிப்பட்ட பயணத்திற்குப் பேர்பெற்ற இடங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட ராக்கி மலைப் பகுதி. அங்கே தனியொருவராகச் செல்ல நினைப்பவர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பதையே நாம் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த நிலத்தின் அளவை மனத்தில் கொள்ளவேண்டும். மொண்டானா, ஐடஹோ, வயோமிங் ஆகிய மூன்று மாநிலங்களும் சேர்ந்து மலேசியாவைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பரப்புடையவை. ஆனால் அம்மூன்றிலும் வாழும் மக்களின் தொகை 40 இலட்சத்துக்கும் குறைவு. சிங்கப்பூர் என்னும் சிறு தீவில் வாழ்பவர்கள்கூட அதைவிட அதிகம். ஆகவே அங்கே ஒரு காட்டுப் பாதையில் விழுந்து கால் முறிந்தால், நாம் கூப்பிடும் குரல் யார் காதிலும் விழாமல் போகக்கூடும். கைத்தொலைபேசிக்கும் பல பள்ளத்தாக்குகளில் அலை கிடைப்பதில்லை. தனிப் பயணத்தின் திட்டம் முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைய வேண்டும் என்பது நம் கருத்து.

அந்த மலைகளுக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1896ஆம் ஆண்டிலேயே, மொண்டானாவின் மிசூலா நகருக்கு அருகிலிருந்த இராணுவ முகாமில், 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்டு ஒரு மிதிவண்டிப் படை அமைக்கப்பட்டது. லெப்டினண்ட் ஜேம்ஸ் மோஸ் என்பவர் அதற்குத் தலைவர். அவ்வாண்டு அவர்கள் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை சென்று திரும்பினார்கள். மறு ஆண்டு, 1897 ஜூன் 14ஆம் நாள், 20 சிப்பாய்கள் மிசூலாவிலிருந்து புறப்பட்டு 41 நாள்களில் செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தார்கள். தூரம் சுமார் 1,900 மைல், அதாவது ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். கியர் இல்லாத வண்டி, முதுகில் துப்பாக்கி, வழியெல்லாம் சேறு. அவர்களை மிகவும் வாட்டியது மேடும் பள்ளமும் அல்ல; தண்ணீர்தான். நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் உவர்நீரைக் குடித்துப் பலர் நோயுற்றார்கள். இந்தத் தண்ணீர் விஷயத்திற்குப் பின்னர் வருவோம்.

எந்த மாதத்தில் போவது? மலை உச்சிகளில் பனி உருகி முடிய ஜூலைத் தொடக்கம் ஆகிவிடும். அதற்கு முன் சென்றால் உயரமான பாதைகள் பனிக்கட்டியாலோ சேற்றாலோ மூடிக்கிடக்கும். சேற்றில் வண்டி ஓட்டுவது அங்கே நாகரிகமற்ற செயலாகக் கருதப்படுகிறது. சக்கரம் கிழித்த தடம் காய்ந்து கெட்டியாகி, கோடை முழுவதும் பாதையைக் கெடுத்துவிடும். ஜூலையும் ஆகஸ்டும் பகல் நீண்ட மாதங்கள். ஆனால் பிற்பகலில் இடிமின்னலுடன் மழை வரும். ஆகவே மரங்களற்ற மேட்டுப் பகுதியை நண்பகலுக்குள் கடந்து இறங்கிவிட வேண்டும். ஆகஸ்டில் இன்னொரு தொல்லை காட்டுத்தீ. 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீயால் பாதிக்கப்பட்டது. தீ தொலைவில் இருந்தாலும் புகை பள்ளத்தாக்கில் வந்து தேங்கும். நம் நாட்டில் புகைமூட்டக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செப்டம்பர் முதல் மூன்று வாரங்களே சிறந்தவை என்பது நம் துணிபு. அப்போது கூட்டம் குறையும், வெயில் தணியும். ஆனால் ஒரே இரவில் பனி பெய்வதும் உண்டு.

இனி வழி. மிசூலாவைத் தொடக்கமாகவும் முடிவாகவும் வைத்து ஒரு பெரிய வட்டமாகச் செல்வது வசதி. நமக்கும் மொண்டானாவுக்கும் கோடைகாலத்தில் 14 மணி நேர வேறுபாடு, இரவு பகலாகிவிடும். உடல் தெளிவடையாத முதல் இரண்டு மூன்று நாள்களில் கடினமான மலையில் ஏறுவது அறிவுடைமையன்று. அதற்கென்றே அமைந்ததுபோல், மேற்கே ஐடஹோ எல்லையில் 'ஹயவாத்தா' பாதை இருக்கிறது. மில்வாக்கி இரயில் நிறுவனம் கைவிட்ட தண்டவாளப் பாதையை மிதிவண்டிப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். சுமார் 24 கிலோமீட்டர் தூரமும் மெல்லிய இறக்கம். வழியில் சுரங்கங்களும், பள்ளத்தாக்கின்மேல் உயர்ந்து நிற்கும் ஏழு இரும்புப் பாலங்களும் உண்டு. மிக நீண்ட சுரங்கம் 2.7 கிலோமீட்டர், உள்ளே கும்மிருட்டு, கடுங்குளிர். விளக்கில்லாமல் நுழையக் கூடாது. கீழே இறங்கியவர்களைப் பேருந்தில் மேலே ஏற்றிவருகிறார்கள். பக்கத்தில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருப்பதால் தனியே வந்தவருக்கு நல்ல முதல் நாள்.

அப்பாதைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1910 ஆகஸ்டில் இரண்டே நாள்களில் ஐடஹோவிலும் மொண்டானாவிலும் சுமார் 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அப்போது இரயில் ஓட்டுநர்கள் மக்களை ஏற்றிக்கொண்டு இந்தச் சுரங்கங்களுக்குள் வண்டியை நிறுத்தி உயிர் காத்தார்கள். அருகிலுள்ள வாலஸ் ஊரில், எட் புலாஸ்கி என்னும் வனத்துறை ஊழியர் தம் ஆட்களைப் பழைய சுரங்கக்குழி ஒன்றுக்குள் அழைத்துச் சென்று பெரும்பாலோரைக் காப்பாற்றினார். ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டியும் அமைந்த கருவி ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மலைப்பாதைகளை வெட்டிச் சீர்செய்பவர்கள் கையில் அதைக் காணலாம்.

அங்கிருந்து திரும்பி வடக்கே வைட்ஃபிஷ். அங்கே குளிர்காலப் பனிச்சறுக்கு மலையின் தூக்கு நாற்காலிகள் கோடையில் மிதிவண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும். பிறகு தெற்கே ஹெலினா. ஊருக்குள்ளிருந்தே பாதைகள் மலைக்கு ஏறுகின்றன. அப்பால் போஸ்மன், யெல்லோஸ்டோனின் மேற்கு வாசல், டீட்டன் கணவாய், ஐடஹோவின் கெச்சம், ஸ்டான்லி. இப்படி வந்து மிசூலாவில் வட்டம் முடியும். இதற்கு மூன்று வாரமாவது ஒதுக்கவேண்டும். மூன்று நாள் ஓட்டினால் ஒரு நாள் ஓய்வு. காரோட்டுவதும் தாமே என்பதால், நீண்ட தூரம் காரோட்டும் நாளில் மிதிவண்டியைத் தொடாதிருப்பது நலம். அந்தி வேளையில் மானும் பெரிய எல்க் மான்களும் சாலையைக் கடக்கும். இருட்டுமுன் ஊர் சேரும்படி புறப்பட வேண்டும். அங்கே வண்டிகள் வலப்பக்கமாகச் செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

தனியே செல்பவர் பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் வேறுபாடு உண்டு. இருவர் சென்றால் ஒரு காரை மேலேயும் ஒரு காரைக் கீழேயும் நிறுத்தலாம். ஒருவருக்கு அது இயலாது. ஆகவே தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் வட்டப் பாதைகளையே நாட வேண்டும். பாதைகளுக்குப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று குறியிட்டிருப்பார்கள். பச்சை எளிது, கறுப்பு கடினம். ஊரில் கறுப்பு வைரத்தில் ஓட்டிப் பழகியவர் அங்கே நீலத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி. ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் சாலையில் விழுந்தால் பின்னால் வரும் லோரிக்காரர் தூக்கிவிடுவார். அங்கே பின்னால் ஒருவரும் வருவதில்லை.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டப்படி 'வனாந்தரம்' என்று வரையறுக்கப்பட்ட காடுகளில் மிதிவண்டிக்கு இடமில்லை. கையால் தள்ளிக்கொண்டு போவதும் குற்றமே. தேசியப் பூங்காக்களிலோ பெரும்பாலும் கார் செல்லும் சாலையில் மட்டும் ஓட்டலாம், நடைபாதையில் கூடாது. கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலை 2,000 மீட்டருக்கு மேலுள்ள லோகன் கணவாய்க்கு ஏறுகிறது. அதிலும் கோடையில் சில பகுதிகளில் முற்பகல் 11 மணி முதல் மாலை 4 மணி வரை மிதிவண்டிக்குத் தடை உண்டு. இந்த இரண்டுக்கும் வெளியே உள்ள தேசிய வனங்களில்தான் நமக்கான பாதைகள் மிகுதி. அங்கே நடப்பவர்க்கும் குதிரையில் வருபவர்க்கும் மிதிவண்டிக்காரர் வழிவிட வேண்டும். குதிரை வந்தால் இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று, வாய்விட்டுப் பேச வேண்டும். தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்த உருவம் மனிதன்தான் என்பது குரலைக் கேட்டால்தான் குதிரைக்குத் தெரியுமாம்!

இப்பொழுது கரடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கருங்கரடியும் உண்டு, தோளில் திமிலுடைய கிரிஸ்லி கரடியும் உண்டு. கிளேசியரைச் சூழ்ந்த மலைகளிலும் யெல்லோஸ்டோனைச் சூழ்ந்த மலைகளிலும் கிரிஸ்லிகள் தலா ஆயிரம் அளவில் வாழ்கின்றன. பொதுவாகக் கரடி மனிதனின் ஓசை கேட்டு விலகிப் போய்விடும். நடந்து செல்பவர் ஓசை அதற்கு நெடுந்தொலைவிலேயே கேட்டுவிடுகிறது. மிதிவண்டியோ வேகமாகவும் ஓசையின்றியும் வருகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 10 மீட்டர். வளைவுக்கு அப்பால் 15 மீட்டரில் கரடி நின்றால், இருவருக்கும் கிடைப்பது ஒன்றரை வினாடி. 2016 ஜூன் மாதம் கிளேசியர் பூங்காவுக்கு அருகே, காட்டை நன்கறிந்த வனத்துறைக் காவல் அதிகாரி ஒருவர் இப்படித்தான் வளைவில் கரடியின் மீதே மோதி உயிரிழந்தார். பின்னர் அதை ஆராய்ந்த குழு, பார்வை மறையும் இடங்களில் வேகத்தைக் குறைப்பதும், குரல் கொடுப்பதும், கரடித் தெளிப்பானை உடன் கொண்டுசெல்வதும் தேவை என்று வற்புறுத்தியது.

குரல் கொடுப்பது என்றால் வெட்கமின்றி உரக்கக் கூவுவதுதான். வண்டியில் கட்டும் சிறு மணியோசை கரடிக்குப் போதுமான எச்சரிக்கையன்று. தமிழிலேயே பாடிக்கொண்டு போகலாம். கரடிக்கு மொழி பொருட்டல்ல. தெளிப்பான் என்பது மிளகாயின் காரச் சத்தை அழுத்தத்துடன் அடைத்த குப்பி. ஏறத்தாழ 8 முதல் 10 மீட்டர் வரை பீய்ச்சும். சில வினாடிகளில் தீர்ந்துவிடும். அதை முதுகுப் பைக்குள் வைத்தால் பயனில்லை. வண்டிச் சட்டத்தில் மாட்டுவதும் அவ்வளவு நல்லதன்று. விழும்போது வண்டி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் ஆகிவிடுவோம். இடுப்பிலோ மார்பிலோ கைக்கு எட்டும்படி கட்டிக்கொள்ள வேண்டும். கொசு மருந்தைப்போல் உடலிலோ கூடாரத்திலோ முன்கூட்டியே தெளிப்பது தவறு. விமானத்தில் இதைக் கொண்டுசெல்ல முடியாது. அங்கே போய் வாங்க வேண்டும். உணவு, பற்பசை, சோப்பு முதலிய மணமுள்ள எதையும் கூடாரத்தில் வைக்காமல், பூட்டிய காரிலோ அதற்கென்று வைத்துள்ள இரும்புப் பெட்டியிலோ வைக்க வேண்டும். எதிரே கரடியைக் கண்டுவிட்டால் ஓடக் கூடாது, வண்டியைத் திருப்பிக்கொண்டு பறக்கவும் கூடாது. வண்டியை நமக்கும் அதற்கும் இடையில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குவதே வழி.

உயரத்தைப் பற்றி இரண்டு சொற்கள். 2,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். டீட்டன் கணவாய் 2,570 மீட்டர். தாழ்நிலத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு அங்கே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தோன்றியவுடனே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று எண்ணித் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். ஓடை நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் அதில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். வடிகட்டியோ, கொதிக்கவைத்தோ குடிக்க வேண்டும். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

வண்டிக்கு வேண்டிய உபரிப் பொருள்களில் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு கொக்கியை மறக்கலாகாது. ஒவ்வொரு வண்டிக்கும் அது வேறுபடும்; சிற்றூர்க் கடையில் கிடைக்காது. மற்றவை எல்லோரும் அறிந்தவையே. மருத்துவக் காப்புறுதி இல்லாமல் புறப்படுவது மட்டும் வேண்டாம். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிவரும் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடும். விசா விஷயத்தில், சிங்கப்பூர்க் குடிமக்கள் குறுகிய சுற்றுப் பயணத்திற்கு இணையவழி அனுமதி பெற்றால் போதும். மலேசியர்கள் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

துணைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி இப்போது கிடைக்கிறது. அதை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ தயங்க வேண்டாம். ஆனால் கருவி உடைந்தால்? ஆகவே ஒவ்வொரு நாள் காலையும், எந்தப் பாதை, கார் நிற்கும் இடம், திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் வீட்டிலுள்ள ஒருவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் உதவி கோர வேண்டும் என்பதையும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அமெரிக்காவின் அவசர எண்ணாகிய 911ஐக் கோலாலம்பூரிலிருந்து சுழற்றினால் மொண்டானாவுக்குப் போய்ச் சேராது. அம்மாநிலங்களில் காணாமற் போனவரைத் தேடும் பொறுப்பு அந்தந்த மாவட்டத்து ஷெரிஃப் அலுவலகத்தைச் சேர்ந்தது. தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா அதிகாரிகளைச் சேர்ந்தது. போகும் மாவட்டங்கள் ஒவ்வொன்றின் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் உரிய நேர்த் தொலைபேசி எண்ணை, நாட்டுக் குறியீட்டு எண்ணுடன் தாளில் எழுதி, புறப்படுமுன் வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும்.